கிப்லியின் சாயலுக்குப் புள்ளி வேண்டாம்

திருகோணமலை மாவட்டத்தில் அசைவூட்டப் படப் பயிற்சிநெறிகளை நடத்துவோருக்கும், மாணவர் குறும்படப் போட்டிகளை ஒழுங்குசெய்வோருக்கும்,

அன்புடையீர்,

சில காலமாக நம் நகரில் வெளிவரும் பயிற்சிநெறி அறிவித்தல்களிலும் போட்டி விதிமுறைகளிலும் ஏறத்தாழ ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. யப்பானின் புகழ்பெற்ற அசைவூட்டப் படக் கலையகமான கிப்லியின் பாணியில் படம் தயாரிக்கக் கற்றுத் தருவதாக ஓர் அறிவித்தல் உறுதியளிக்கிறது. புகழ்பெற்ற கலையகங்களின் சாயலை எட்டும் படைப்புகளுக்கு மேலதிகப் புள்ளிகள் உண்டென்று இன்னொன்று கூறுகிறது. பாடசாலையில் சித்திரம் கற்பிப்பவன் என்ற முறையிலும், இத்தகைய போட்டிகளில் அவ்வப்போது நடுவராக அமர்பவன் என்ற முறையிலும், அந்த வாக்கியத்தை நீக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். கிப்லியின் படங்களை விரும்பிப் பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். ஒரு கலையகத்துக்கே உரிய உணர்வைப் பிறர் எட்ட முடியுமா என்ற கேள்விக்கு அசைவூட்டத் துறையின் வரலாறே பல தடவை விடை தந்திருக்கிறது என்பதும், அந்த விடையைக் கவனியாமல் நம் பிள்ளைகளின் உழைப்பை வீணான திசையில் அனுப்புகிறோம் என்பதுமே என் முறைப்பாடு.

தோற்றத்தை எட்டலாம், அதில் ஐயமே இல்லை. 1988இல் வெளிவந்த கிப்லியின் தொதோரோ படத்தின் கலை இயக்குநரான கசுவோ ஓகா அந்தக் காடுகளையும் வயல்களையும் போஸ்டர் கலரில்தான் தீட்டினார், நம் மாணவர்கள் சித்திரப் பாடத்துக்கு வாங்கும் அதே வகை நிறத்தில். திரண்டெழும் வெண்முகில், இலை இடுக்கில் விழும் வெயில், இரண்டே அடுக்கில் நிழலிட்ட முகம் ஆகியவற்றை முயற்சியுள்ள ஒரு மாணவி ஒரு தவணைக்குள் கைப்பற்றிவிடுவாள். 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் படம் உருவாக்கும் புதிய வசதி வந்தபோது, தூரிகையையே தொட்டிராதவர்கள்கூடத் தங்கள் திருமணப் புகைப்படங்களை அந்தச் சாயலுக்கு மாற்றிச் சில நிமிடங்களில் பகிர்ந்தார்கள். கைத்தொலைபேசி சில நிமிடங்களில் தந்துவிடும் ஒன்றுக்கு, மாதக்கணக்கில் உழைத்த பிள்ளையிடம் புள்ளி கணக்கிடுகிறோம் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தோற்றத்தைத் தாண்டிய உணர்வு எங்கே இருக்கிறது என்பதுதான் கடினமான கேள்வி. அது கலைஞர்களின் கைகளில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். 2014இல் கிப்லி தன் தயாரிப்புப் பிரிவைக் கலைத்தது. அங்கே தயாரிப்பாளராக இருந்த யொஷியாகி நிஷிமுரா 2015இல் பொனொக் என்ற கலையகத்தைத் தொடங்கினார். கிப்லியில் இரண்டு படங்களை இயக்கியிருந்த ஹிரோமசா யொனெபயாஷி, பொனொக்கின் முதல் முழுநீளப் படத்தை இயக்க, அது 2017இல் வெளிவந்தது. அதே பள்ளியில் பயின்ற கைகள் வரைந்த படம் அது. துடைப்பத்தில் பறக்கும் சிறுமி, கரும்பூனை, காடு, மூடுபனி என்று எதுவும் குறையவில்லை. இருந்தும், என் பார்வையில், அந்தப் படம் ஒரு சம்பவத்திலிருந்து அடுத்த சம்பவத்துக்கு விரைந்துகொண்டே இருக்கிறது. எந்த இடத்திலும் தங்குவதற்கு அதற்குத் துணிவில்லை. அப்படியானால் உணர்வு பெயர்ப்பலகையில் இருக்கிறதா என்றால், 2020இல் கிப்லியே தன் பெயரில் முழுவதும் கணினி முப்பரிமாணத்தில் ஒரு படம் தயாரித்தது. அதைப் பார்த்தவர்களில் பலர் கிப்லியை அதில் தேடிக் களைத்தார்கள். மறுபுறத்தில், 2023இல் வெளிவந்த, கிப்லியின் முதன்மை இயக்குநர் ஹயாவோ மியசாகியின் படத்தில் தலைமை அசைவூட்டக் கலைஞராக இருந்த தகேஷி ஹொண்டா, வேறொரு கலையகத்தின் எவாங்கெலியன் தொடரில் பெயர் பெற்றவர். பல வெளிக் கலையகங்கள், பொனொக் உட்பட, அந்தப் படத்துக்குக் கைகொடுத்தன. போட்டிக் கலையகங்களின் கைகளும் வரைந்த அந்தப் படம், முதற் காட்சியிலிருந்தே கிப்லியாக இருந்தது.

ஆகவே கைகளையோ பெயரையோ மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. வேலை செய்யப்பட்ட விதத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த விதம் கலையகத்துக்கு முன்பே பிறந்தது. இசாவோ தகஹாத்தா இயக்க, மியசாகி காட்சியமைப்புச் செய்த, சுவிஸ் மலைச்சிறுமி ஒருத்தியின் கதையான ஹைடி தொலைக்காட்சித் தொடர் 1974இல் ஒளிபரப்பானது. அதற்காகக் குழுவினர் சுவிற்சர்லாந்துக்கே சென்று மலையையும் வீட்டையும் மக்களையும் பார்த்து வந்தார்கள், வாராவாரம் ஓடும் சிறுவர் தொடர் ஒன்றுக்கு அப்படிச் செய்வது அக்காலத்தில் வழக்கத்துக்கு மாறான செலவு. 1985இல் கிப்லி நிறுவப்பட்டபோது இந்தப் பழக்கம் ஏற்கெனவே பத்து வயதைக் கடந்திருந்தது. தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு படத்துக்கும் ஆட்களைத் திரட்டி, படம் முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். 1989இல் கிகி என்ற சிறுமியைப் பற்றிய படம் வெற்றி பெற்ற பின்னரே கலைஞர்களை நிரந்தரச் சம்பளத்துக்கு அமர்த்தி, புதியவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கத் தொடங்கினார்கள். வரைந்த தாளுக்கு இவ்வளவு என்று கூலி எண்ணும் துறையில், ஒரு தாளின் முன் அரைநாள் அமர்ந்திருப்பவனுக்கும் சோறு கிடைக்கும் என்ற ஏற்பாடு எவ்வளவு பெரியது என்பதை விளக்கத் தேவையில்லை. 2023ஆம் ஆண்டுப் படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, அறுபது கலைஞர்கள் வேலை செய்தும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடப் படமே கிடைக்கிறது என்று தயாரிப்பாளர் தொஷியோ சுசுக்கி வெளிப்படையாகச் சொன்னார். மியசாகியோ முழுத் திரைக்கதை எழுதுவதே இல்லை. காட்சிகளை வரிசையாக வரைந்து திட்டமிடும் காட்சிப்பலகை முடியுமுன்பே அசைவூட்டம் தொடங்கிவிடும், முடிவு எப்படி அமையும் என்பது இயக்குநருக்கே தெரியாத நிலையில். முதலிட்டவர் ஒருவர் இதற்கு ஒப்புவது அரிது. கிப்லியின் சாயலை விரும்பும் கலையகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பின்வாங்குகின்றன.

2001இல் வெளிவந்த, சிஹிரோ என்ற சிறுமியைப் பற்றிய மியசாகியின் படம் தயாரான நாட்களைப் பதிவுசெய்த ஆவணப்படத்தில் ஒரு நிகழ்வு உண்டு. காயமுற்ற டிராகனின் வாயைத் திறந்து மருந்தூட்டும் காட்சியை, நாய்க்கு மருந்து கொடுப்பதை நினைத்து வரையுமாறு மியசாகி சொல்கிறார். எதிரே இருக்கும் இளம் கலைஞர்கள் நாய் வளர்த்ததே இல்லை. கடைசியில் அவர்கள் விலங்கு மருத்துவமனை ஒன்றுக்குப் போய், நாயின் வாயைத் திறந்து பார்த்துப் படம்பிடித்து வருகிறார்கள். அந்தப் படத்தில் சிறுமி சப்பாத்தை மாட்டியபின் கால்விரல் நுனியை நிலத்தில் தட்டிக்கொள்வதும், நீருக்கு மேலே ஓடும் புகையிரதத்தில் அவள் எதுவும் பேசாமல் நெடுநேரம் அமர்ந்திருப்பதும் கதைக்குத் தேவையற்றவை. கதைக்குத் தேவையற்ற ஒன்றுக்கு இவ்வளவு கவனம் கொடுக்கலாம் என்று யாரோ அனுமதித்திருக்கிறார்கள். போட்டிக் கலையகங்கள் எட்டத் தவறுவது அந்த அனுமதியை.

இது யப்பானுக்கு மட்டும் உரிய கதை என்று எண்ணிவிடாதீர்கள். 1979இல் டொன் புளூத் என்ற கலைஞர், டிஸ்னி தன் பழைய செழுமையைக் கைவிட்டுவிட்டது என்ற மனக்குறையோடு, ஒரு கூட்டம் கலைஞர்களை அழைத்துக்கொண்டு அந்நிறுவனத்தை விட்டு வெளியேறினார். பழைய டிஸ்னியை டிஸ்னிக்கு வெளியே மீட்டெடுப்பதே அவர் நோக்கம். ஒரு கட்டத்தில் வெற்றியும் கண்டார்: 1986இல் அவருடைய சுண்டெலிப் படம், அதே ஆண்டில் டிஸ்னி வெளியிட்ட இன்னொரு சுண்டெலிப் படத்தை வசூலில் முந்தியது. 1989 நவம்பரில் டிஸ்னியின் கடற்கன்னிப் படமும் புளூத்தின் நாய்ப் படமும் ஒரே நாளில் திரைக்கு வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. அவர் அயர்லாந்தின் டப்ளினில் நடத்திய கலையகம் 1990களின் நடுவில் மூடப்பட்டது.

ஆனால் இந்த வரலாற்றில் என்னைக் கவர்வது இதற்குப் பிந்திய பகுதி. புளூத்தின் கலையகத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டதால், அதன் துணையோடு டப்ளினின் பலிஃபெர்மொட் கல்லூரியில் அசைவூட்டப் பயிற்சிநெறி ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே டிஸ்னி மரபின் கைப்பயிற்சியைக் கற்ற ரொம் மூர், நோரா ருவோமி, போல் யங் முதலியோர், கலையகம் மூடப்பட்ட பின்னர், 1999இல் கில்கென்னி என்ற ஊரில் கார்ட்டூன் சலூன் என்ற பெயரில் தமக்கென ஒரு கலையகத்தைத் தொடங்கினார்கள். கில்கென்னி சனத்தொகையில் நம் திருகோணமலை நகரை விடச் சிறியது. டிஸ்னியை எட்டப் பயின்ற கைகள் அங்கே வரைந்தது டிஸ்னியை அன்று. தம் நாட்டுத் துறவியர் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன் தோலில் எழுதி அலங்கரித்த கெல்ஸ் ஏட்டின் பின்னல் கோலங்களையும், ஆழமற்ற தட்டை வெளியையும், சுருளும் கொடிகளையும் அசைய வைத்தார்கள். 2009இல் வெளிவந்த அவர்களுடைய முதல் முழுநீளப் படம் ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்றது. இன்று ஒரு படத்தின் ஒரு சட்டகத்தைப் பார்த்தே இது கில்கென்னி வேலை என்று சொல்கிறோம். பிறரைப் பின்பற்றும் பயிற்சி ஒன்று இப்படியும் முடியலாம். யப்பானிலேயே இயக்குநர் மகோட்டோ ஷின்காய் 2011இல் எடுத்த படத்தில் கிப்லியின் நிழல் கனமாக விழுந்திருந்தது; 2016இல் உலகெங்கும் ஓடிய அவருடைய படத்தை எவரும் கிப்லி என்று மயங்கவில்லை.

நடுவர் மேசையிலிருந்து நான் காண்பதை இப்போது சொல்கிறேன். சல்லியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் வளர்ந்த பிள்ளைகள் சமர்ப்பிக்கும் படங்களில் செர்ரி மலர்கள் உதிர்கின்றன. தோல் புத்தகப்பை சுமந்த யப்பானியச் சிறுமி புகையிரதக் கடவையில் நிற்கிறாள். தள்ளுகதவைத் திறந்தால் பாய் விரித்த அறை தெரிகிறது. சீனக்குடாவைக் கடந்து நம் நிலையத்துக்கு வரும் புகையிரதத்தை ஒருவர்கூட வரையவில்லை. 1942இல் வெளிவந்த பாம்பி படத்துக்காக டிஸ்னி உயிருள்ள மான்குட்டிகளைக் கலையகத்துக்கே வரவழைத்து, கலைஞர்களை அவற்றின் முன் அமர்த்தி வரையச் செய்தார். நம் ஊரில் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும் கடற்கரைப் புல்வெளியிலும் புள்ளிமான்கள் தாமாகவே வந்து நிற்கின்றன, கடதாசிப் பைகளைக்கூடத் தின்றுகொண்டு. அவற்றுக்கு எதிரே கொப்பியோடு அமர்ந்த ஒரு பயிற்சி வகுப்பை நான் இதுவரை கண்டதில்லை. கச்சான் வீசும் மாதங்களில் வெளிறிக் கிடக்கும் பின்குடாவின் நீர், வாடை தொடங்கியதும் ஈயநிறமாகி எழும்புவதையும், கரைவலை இழுப்போரின் குதிக்கால்கள் மணலில் புதையும் விதத்தையும் நம் மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். விதிமுறையின் ஒரு வரி, அவற்றுக்குப் புள்ளி இல்லை என்று அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது.

இதற்கு நீங்கள் கூறக்கூடிய மறுமொழியை நான் அறிவேன். பார்த்து வரைவதே கற்றலின் முதற்படி என்பீர்கள். உண்மை, என் வகுப்பிலும் அதையே செய்விக்கிறேன், பலிஃபெர்மொட் மாணவர்களும் அதையே செய்தார்கள். கேட்கப்பட்ட பாணியில் வரையத் தெரிந்தால் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து இணையவழி வேலை கிடைக்கும் என்றும் கூறுவீர்கள். வீட்டில் உழைப்பவர் ஒருவரே என்ற நிலையில் உள்ள பிள்ளைக்கு இது சிறிய விடயமன்று; அதை ஏளனம் செய்யும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்த வேலைகளில் மலிவானவற்றை 2025 மார்ச்சுக்குப் பின்னர் இயந்திரம் எடுத்துக்கொண்டு வருகிறது. எஞ்சுவது, இயந்திரத்துக்கு எதைக் கேட்பது என்று தெரிந்த கண்ணுக்கான வேலை. பிரதிபண்ணும் பயிற்சியை முதலாம் மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதிப் படத்தை அதைக் கொண்டு அளக்காதீர்கள்.

அடுத்த போட்டிக்கான விதிமுறைகள் அச்சாகுமுன், கலையகங்களின் சாயலுக்கான மேலதிகப் புள்ளிகளை நீக்கி, அந்தப் புள்ளிகளை நேரில் பார்த்து வரைந்த மாதிரி ஓவியங்களுக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தோடு அவற்றையும் மாணவர் சமர்ப்பிக்கட்டும். ஐந்து நிமிடப் படம் என்று கட்டாயப்படுத்துவதை விட்டு, முப்பது விநாடிப் படத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு நிமிடம் என்று அறுபது பேர் உழைத்த கலையகத்தைப் பின்பற்றச் சொல்லிக்கொண்டு, ஒற்றைப் பிள்ளையிடம் ஆறு வாரத்தில் ஐந்து நிமிடம் கேட்பது முறையன்று. மூன்று மாதப் பயிற்சிநெறியைக் கச்சானில் ஒரு பாதி, வாடையில் ஒரு பாதி என்று பிரித்து நடத்த முடியுமா என்பதையும் ஆலோசியுங்கள். கட்டணமோ மணித்தியாலமோ அதனால் கூடப்போவதில்லை. வெளிக்கள வரைதலுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம், பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பொறுப்பு முதலியவற்றில் நீங்கள் தயங்கினால், சனிக்கிழமைக் காலைகளில் அவர்களைக் கோட்டைக்கும் பின்குடாவுக்கும் கூட்டிச் செல்ல நானும் என் சக ஆசிரியர்கள் சிலரும் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறோம். நாட்களை நீங்கள் குறித்து அறிவித்தால் போதுமானது.

இங்ஙனம்,
சித்திர ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.