கடிகாரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள்: ஆசிரியர் பயிற்சி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கும் கருத்தாளர்களுக்கும்,

வணக்கம். மதுரையில் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு நடந்த கணக்குப் பயிற்சியில், இரண்டாம் நாள் மதியம் வைத்த வினாடி வினாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடந்ததை விவரமாகச் சொல்லத் தேவையில்லை. பரிசுப் பேனாவோடு மூன்று பேர் சிரிக்கிற படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டதே நீங்கள்தான். அந்தப் படத்தில் இல்லாதவர்களில் நானும் ஒருத்தி.

கேள்வி விளையாட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருவர் பிபிடியை வரிவரியாக வாசிக்க, மற்றவர்கள் கொட்டாவியை முந்தானைக்குள் மறைத்த காலம் திரும்ப வேண்டாம். படித்ததையே மறுபடி படிப்பதைவிட, ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தால் ஒரு வாரம் கழித்தும் அதிகம் நிற்கிறது என்று 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் கேள்வி கேளுங்கள், நிறையவே கேளுங்கள். கேட்டால் யோசிக்கவும் பேசவும் நேரம் கொடுங்கள், வேகத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

அன்றைக்கு நீங்கள் திறந்தது கஹூட். 2013-இல் நார்வேயில் வந்த வினாடி வினாச் செயலி, நல்ல செயலிதான். அதன் வழக்கமான கணக்குப்படி, கேள்வி வந்ததும் சரியான விடையை அழுத்துகிறவருக்கு 1000 புள்ளி வரை கிடைக்கும். அதே விடையைக் கடைசி நொடியில் அழுத்தினால் கிட்டத்தட்ட பாதிதான். யோசித்ததற்கு அபராதம். ஒரு கேள்விக்கு 20 நொடி என்று வைத்திருந்தீர்கள். அதே செயலியில் 4 நிமிடம் வரை வைக்கலாம், அணியாகவும் ஆடலாம். யாரும் அந்த அமைப்பைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்று வந்த கேள்விகளில் ஒன்று உண்மையிலேயே அருமையானது. மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. ஏன்? நான்கு விடைகள், ஒவ்வொன்றும் இரண்டு வரி. பேரையூர்ப் பக்கத்துப் பள்ளி எச்.எம். டீச்சர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தார். ஜன்னல் வெயில் திரையில் விழுந்து எழுத்தெல்லாம் வெளுத்துக் கிடந்தது. கேள்வியும் விடைகளும் திரையில்தான், போனில் வெறும் நிற நிறமான முக்கோணமும் சதுரமும். திரையைப் பார்க்கக் கண்ணாடியைப் போட்டு, போனைப் பார்க்கக் கழற்றி, மறுபடி போட்டு, எந்த நிறம் எந்த விடை என்று அவர் ஒப்பிட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

ஆனால் விடை அவருக்குத் தெரியும். "புள்ளைக மேல இருந்து கீழே கழிக்கல டீச்சர். பெரிசுல இருந்து சின்னதைக் கழிக்குதுக. ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு" என்றார். இரண்டில் ஏழு போகாது என்றதும் குழந்தை பத்திடத்தில் கடன் வாங்கவில்லை, எண்களைத் தலைகீழாக்கிக்கொண்டது. அதற்குக் கடன் வாங்கும் படியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி என்ன பிரயோசனம்? குச்சிக் கட்டைப் பிரித்து, ஒரு பத்தைப் பத்து ஒன்றாக்கிக் காட்ட வேண்டும். அத்தனையும் அந்த அம்மாவின் வாயில் இருந்தது. ஒலிபெருக்கியில் ஓடிய விளையாட்டு இசையில், பக்கத்தில் இருந்த எங்கள் இரண்டு மூன்று பேருக்குத்தான் கேட்டது.

அரங்கில் அதிகம் பேர் அழுத்தியது 'கவனக்குறைவு' என்ற விடையை. திரையில் அந்தக் கட்டம்தான் உயரமாக நின்றது. மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களில் இத்தனை பேர் குழந்தையின் தவறை இப்படிப் புரிந்துவைத்திருக்கிறோம் என்று உங்கள் திரையே காட்டியது. பயிற்சி அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். கருத்தாளர், "சரி, அடுத்த கேள்வி" என்றார். கடைசியில் அறிக்கையைத் திறந்து, பெயர்ப் பட்டியலை அடிவரை உருட்டிக் காட்டினார். எச்.எம். டீச்சரின் பெயர் வந்தபோது முன்வரிசையில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், வேறு என்ன செய்வார்?

சாலமன் பாப்பையாவின் ஊர் இது. ஒன்றுமில்லாத தலைப்புக்கும் இரண்டு அணி பிரிந்து ராத்திரி வரை பேசுவோம், நடுவர் கடைசியில்தான் தீர்ப்புச் சொல்வார். ஒரு குழந்தை ஏன் தப்பாகக் கழிக்கிறது என்பதற்கு மட்டும் 20 நொடியா?

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991-இலிருந்து செய்து வருவது எளிய வேலை. கேள்வி போடுகிறார், ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை சொல்கிறார்கள். சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், விடையை உடைக்காமல், "பக்கத்தில் இருப்பவரிடம் பேசி அவரை ஒப்புக்கொள்ள வையுங்கள்" என்கிறார். பேசி முடித்ததும் மறுபடி வாக்கு, அப்புறம்தான் விளக்கம். எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டால் நேரத்தை வீணாக்காமல் அடுத்ததற்குப் போகலாம். பெரும்பாலோர் தப்பு என்றால் பாடத்தையே மறுபடி எடுக்க வேண்டும். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்தீர்கள். எல்லாருக்கும் தெரிந்த கேள்வியில் கைதட்டி நின்றீர்கள், அரங்கே தடுமாறிய கேள்வியைத் தாண்டிப் போனீர்கள்.

அரங்கு கலகலப்பாக இருந்தது என்று அறிக்கை போயிருக்கும், படமும் சேர்ந்து போயிருக்கும். முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் உத்தரவு, காலையில் அவரவர் பள்ளியை யார் பார்ப்பது என்ற குழப்பத்தோடு உசிலம்பட்டியிலிருந்தும் எழுமலையிலிருந்தும் பஸ், வந்ததும் வருகைப் பதிவுக்கு ஒரு படம், போகும்போது 'மிக நன்று' என்று நிரப்பினால்தான் நகரும் கருத்துப் படிவம். இத்தனைக்கும் நடுவில் கற்றல் எங்கே நடந்தது என்று கேட்க ஒரு கட்டம்கூட அந்தப் படிவத்தில் இல்லை. எங்களுக்கும் ஒரு வினாடி வினா வைக்கத் தெரியும்: நீங்கள் கடைசியாக ஒரு மூன்றாம் வகுப்புக்குள் நின்றது எப்போது? நேரம் 20 நொடி.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். அடுத்த கட்டப் பயிற்சியில் கேள்விகள் குறைவாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் யோசிக்கவும் பேசவும் நேரம் கொடுங்கள். வேகத்துக்குப் புள்ளி வேண்டாம், பெயர்ப் பட்டியல் திரைக்கு வர வேண்டாம். போன் கட்டாயமும் வேண்டாம். பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு தாள் அட்டை. எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறோமோ அதுதான் விடை. கருத்தாளரின் ஒரே போன் கேமரா அரங்கையே படித்துவிடும். அதுவும் இல்லையென்றால் நான்கு நிறத் தாள் போதும். எங்கள் பிள்ளைகள் கையில் போன் கிடையாது என்பதால், அட்டையில் நீங்கள் காட்டுவதை மறுநாளே வகுப்பில் நாங்களும் செய்துவிடலாம்.

அட்டைகளை நாங்களே வெட்டிக் கொண்டுவருகிறோம். அந்த மதிய வேளையில் பேசுவதற்கென்று முழுசாக ஒரு மணி நேரத்தை நீங்கள் ஒதுக்கினால் போதும். இந்த மாத இறுதிக்குள் ஒரு பதில் வந்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
மதுரை மாவட்டத்து இடைநிலை ஆசிரியை ஒருத்தி