எங்கள் பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூனையை வீட்டுக்குள் அடைத்து வளர்ப்பது பாவம் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் குழித்தறி இருக்கிறது. ராத்திரியில் தறியில் நீளவாக்கில் பூட்டியிருக்கும் பாவு நூலை எலி கடித்துவிட்டால் பல நாள் உழைப்பு போச்சு. அதனால் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் பூனை உண்டு. பகலெல்லாம் தூங்கும், இருட்டினதும் ஓட்டின் மேல் ஏறிப் போய்விடும், பால் வரும் நேரத்துக்குத் திரும்பிவிடும். எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை.

கறுப்பி என்று ஒரு பூனை வைத்திருந்தோம். ஒரு நாள் சாப்பிடாமல் தறிக்குழிக்குள் இறங்கிச் சுருண்டு படுத்துக்கொண்டது. வெயில் தாங்காமல் படுத்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாள் மூக்கில் ரத்தம். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. எலி மருந்து என்றார் டாக்டர். பூனை மருந்தைத் தொட்டிருக்காது, மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கும் என்றார். ரத்தத்தை உறையவிடாத மருந்து அது. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அந்த எலிதான் பூனையிடம் சுலபமாக மாட்டும். வைட்டமின் கே ஊசி போட்டார்கள். பிழைக்கவில்லை. முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஊர் சுற்றும் பூனை எதைத் தின்றது, என்றைக்குத் தின்றது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது இருக்கும் பூனை மணி வாசலைத் தாண்டியதில்லை. கதவைச் சாத்திவிட்டால் மட்டும் போதாது. மாடி வராந்தா முழுக்கக் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையை அடித்தேன். பீரோவின் மேல் ஏறிப் படுக்க ஒரு பலகை போட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அதற்கு வேட்டை வெறி வரும். அப்போது கால் மணி நேரம் காகித உருண்டையைத் துரத்தவிட்டு, அப்புறம்தான் சோறு. மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தாக வேண்டும். கருத்தடை செய்துவிட்டோம், அதனால் துணை தேடி அலறுவதில்லை. உள்ளேயே இருந்தாலும் வெறிநோய்த் தடுப்பூசி வருஷா வருஷம் போடுகிறேன்.

தறி வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பூனை நாக்கில் உள்பக்கம் சாய்ந்த முட்கள் உண்டு. நூல் சிக்கினால் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். அது குடலையே அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எங்கள் வீட்டில் நூல் சுற்றிய தார்க்கட்டைகள் எல்லாம் டப்பாவுக்குள் போய்விட்டன. ராத்திரி தறி அறைக் கதவைச் சாத்திவிட்டு எலிப்பொறி வைக்கிறேன். மணிக்கு அந்த வேலை இனி இல்லை.

அக்காவை ஏற்காட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். காபித் தோட்டத்து வீடு. "நாலு பக்கமும் காடாக் கிடக்குது, பூனையை எப்படிடா அடைக்கிறது?" என்றாள். அங்கே காபிச் செடியில் கைக்கெட்டும் உயரத்திலேயே கொண்டைக்குருவி கூடு கட்டுகிறது. ஒரு காலையில் அவள் பூனை மூன்று குஞ்சுகளைக் கொண்டுவந்து வாசற்படியில் போட்டது. மூன்றுக்கும் இறகுகூட முழுசாக முளைக்கவில்லை. முந்தின ராத்திரி வயிறு நிறையக் கருவாட்டுச் சோறு தின்ற பூனை அது. வயிறு நிறைந்திருந்தாலும் பூனை வேட்டையாடும். வெளியே பழகிப்போன கிழட்டுப் பூனையை ஒரேயடியாக அடைக்க முடியாது என்பது சரிதான். அக்கா இப்போது சாயங்காலம் ஆறு மணிக்குக் கருவாட்டைச் சுட்டு வாசனை காட்டி அதை உள்ளே அழைத்துக்கொள்கிறாள். மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் கதவைத் திறக்கிறாள்.

பூனையை வெளியே விடுகிறவர்களிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. எலிக்கு மருந்து வைக்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து அக்கம்பக்கத்து வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். செத்த எலியைச் சாக்கடையில் வீசாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளி,
அம்மாப்பேட்டை, சேலம்.