ஆண்டறிக்கை 2025–2026: திறந்திருக்கும் கேட்டிலும் நிற்போம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பள்ளி வாகன ஓட்டுநர், உதவியாளர் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நமது சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சந்தா, நலநிதி, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாகனத் தணிக்கைக்கு வண்டிகளைத் தயார் செய்தது, கண் பரிசோதனை முகாம், உரிமம் புதுப்பிக்க உதவியது ஆகிய வழக்கமான வேலைகள் தடையில்லாமல் நடந்தன. ஆண்டின் மீதி உழைப்பு முழுவதும் ரயில்வே கேட் பற்றியே இருந்தது. அறிக்கையும் அப்படியே அமைகிறது.

2025 ஜூலை 8 காலையில் கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் உயிரிழந்தார்கள். 2014இல் மேடக் மாவட்டம் மாசாய்பேட்டையிலும் 2018இல் உத்தரப் பிரதேசம் குஷிநகரிலும் பள்ளி வாகனங்கள் ரயிலில் சிக்கியது ஆளில்லாத கேட்களில். செம்மங்குப்பத்தில் கேட் கீப்பர் இருந்தார், தடுப்பும் இருந்தது. தடுப்பையும் ரயில் சிக்னலையும் பிணைக்கும் இன்டர்லாக்கிங் மட்டும் அன்று இல்லை. நம் ஓட்டுநர்கள் நெடுங்காலமாக நம்பியிருந்த ஒன்று அன்று ஆட்டம் கண்டது: "கேட் திறந்திருந்தால் ரயில் வராது."

இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், தடுப்பு இறங்கிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். கீப்பர் மறந்தாலும் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்கிறார், கீப்பர் மூடிவிட்டு ஒரு ரகசிய எண்ணைத் திருப்பிச் சொல்கிறார், அந்தச் சொல்லை நம்பி ரயில் புறப்படுகிறது. இரு மனிதர்களின் பேச்சுக்கு நடுவே எங்கே தவறு நேர்ந்தாலும் தடுத்து நிறுத்த இயந்திரம் எதுவும் கிடையாது. சாலையில் நிற்கும் நமக்கு இரண்டு கேட்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். எனவே ஜூலையில் கூடிய அவசரச் செயற்குழு, உறுப்பினர்கள் எல்லாக் கேட்டையும் இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டாகவே பாவிக்க வேண்டும் என்று தீர்மானித்தது.

இதற்குப் புதிதாக விதி எழுதத் தேவைப்படவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 131ஆவது பிரிவு, காவலில்லாத கேட்டில் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும், நடத்துநரோ கிளீனரோ உதவியாளரோ கேட் வரை நடந்து போய் இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்து வண்டியை வழிநடத்திக் கடத்த வேண்டும், அப்படி யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும் என்கிறது. அகலப் பாதையில் ஆளில்லாக் கேட்கள் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டுவிட்டதால் இந்தப் பிரிவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆள் இருக்கும் கேட்டிலும் அதைக் கடைப்பிடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பயிற்சி முகாம்களில் கற்றுத்தந்த முறையை, வராத உறுப்பினர்களுக்காக இங்கே முழுதாகப் பதிகிறேன்.

கேட் வருவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். இரட்டைப் பட்டை உள்ளது ஏறத்தாழ 200 மீட்டரில், ஒற்றைப் பட்டை உள்ளது அதற்கும் அருகில். முதல் பலகையிலேயே பாட்டு, ஏசி புளோயர் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். உதவியாளர் பிள்ளைகளை அமைதிப்படுத்த வேண்டும். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை முழுதாக இறக்க வேண்டும். இரண்டாவது பலகையில் ஹஸார்டு லைட்டைப் போட்டு, பின்னால் வருபவருக்குத் தெரியும்படி பிரேக்கை மெதுவாக மிதிக்க வேண்டும். நிறுத்தக் கோட்டில் வண்டி முழுதாக நிற்க வேண்டும். கோடு அழிந்திருந்தால் முதல் தண்டவாளத்துக்கு 5 மீட்டர் முன்னால். ஊர்ந்துகொண்டே பார்ப்பது நிற்பது ஆகாது. வண்டி உருளும்போது கவனம் சாலைப் பள்ளத்துக்கும் முன்னால் போகும் டூவீலருக்கும் போய்விடுகிறது.

உதவியாளர் சிவப்புக் கொடியும் விசிலும் எடுத்து இறங்கி, தண்டவாளத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். இடம், வலம், மறுபடி இடம் பார்த்த பிறகுதான் கை காட்ட வேண்டும். ஓட்டுநரும் தாமாகப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியின் ஓரத்தூண் தொலைவில் வரும் இன்ஜினை முழுதாக மறைத்துவிடும். இருக்கையில் முன்னும் பின்னும் சாய்ந்து பார்த்தால்தான் தூணுக்குப் பின்னால் இருப்பது தெரியும். கண்ணாடியில் ஒட்டிய சாமி படம், தொங்கும் மாலை, டேஷ்போர்டில் வைத்த பை எல்லாம் இதே தீங்கைச் செய்கின்றன. நம் வண்டிகளில் அவற்றை எடுக்கச் சொன்னபோது சிலருக்கு வருத்தம் இருந்தது. படத்தைப் பக்கவாட்டில், இருக்கைக்கு மேலே வைக்கலாம். முன்கண்ணாடி காலியாகத்தான் இருக்க வேண்டும்.

கடக்கும்போது முதல் கியர் மட்டும். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றக் கூடாது. கேட்டில் வண்டி ஆஃப் ஆவதற்கு, பாதி வழியில் இரண்டாவது கியர் போட முயன்று கியர் விழாமல் கிளட்சை விடுவது முக்கியக் காரணம். வண்டியின் பின்புறம் கடைசித் தண்டவாளத்தைத் தாண்டி 5 மீட்டராவது போன பிறகு உதவியாளர் ஏறிக்கொள்ளலாம்.

இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்களுக்காக ஒரு மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் டபுள் லைன், அதாவது இரட்டை ரயில் பாதை, வரைந்து காட்டினோம். நிற்கும் இடத்திலிருந்து முதல் தண்டவாளத்துக்கு 5 மீட்டர், இரு பாதைக்கும் சேர்த்து ஏறத்தாழ 7 மீட்டர், வண்டியின் நீளம் 10 மீட்டர், அப்பால் 3 மீட்டர். ஆக 25 மீட்டர். பிள்ளைகள் நிறைந்த வண்டி நின்ற நிலையிலிருந்து முதல் கியரில் இதைக் கடக்கப் பத்து முதல் பன்னிரண்டு வினாடி ஆகிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடிக்கு 30 மீட்டர் ஓடும். பன்னிரண்டு வினாடியில் 360 மீட்டருக்கு மேல். அதாவது இரு பக்கமும் அரை கிலோமீட்டர் தெளிவாகத் தெரியாத கேட்டில் கண்ணை மட்டும் நம்ப முடியாது, காதும் வேண்டும். கேட்டுக்கு 600 மீட்டர் முன்பு விசில் பலகை இருக்கிறது. ரயில் ஓட்டுநர் ஹாரன் அடிக்கத் தொடங்குவது அங்கேதான். அந்த வேகத்தில் ரயில் கேட்டுக்கு வர இருபது வினாடிதான். ஹாரன் கேட்டபின் "போய்விடலாம்" என்று கிளட்சை விடுபவர் தன் கணக்கில் எட்டு வினாடி மட்டுமே மிச்சம் வைக்கிறார். அதுவும் எதுவும் தவறாமல் இருந்தால்.

டபுள் லைனில் இன்னொன்று. ஒரு ரயில் போனதும் உடனே நகரக் கூடாது. போகும் ரயிலின் கடைசிப் பெட்டி, எதிர்ப் பாதையில் வரும் ரயிலை மறைத்திருக்கும். அதன் சத்தம் இதன் ஹாரனையும் விழுங்கிவிடும். கடைசிப் பெட்டி நன்றாக விலகி, இரு பாதையும் வெறுமையாகத் தெரிந்தபின்பே கை காட்ட வேண்டும். நேர அட்டவணையை மனப்பாடமாக வைத்திருப்பதும் ஆபத்தானதே. கூட்ஸ், தனி இன்ஜின், பாதை பராமரிப்பு இயந்திரம் எதுவும் நம் அட்டவணையில் இருக்காது.

நம் வட்டாரத்தில் அன்றாடம் நடக்கும் ஆபத்து வேறொன்று. மூடிய கேட்டின் இரு பக்கமும் வாகனங்கள் வலப்பக்கத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கேட் ஏறியதும் இரு கூட்டமும் நடுவில் முட்டிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் வரிசையோடு நகர்ந்த பள்ளி வண்டியின் பின்பாதி தண்டவாளத்தின் மேல் நிற்கும். முன்னால் ஆட்டோ, பின்னால் லாரி. எனவே மறுபுறம் வண்டியின் முழு நீளமும் அதற்கு மேல் 3 மீட்டரும் காலியாகத் தெரியாதவரை நம் வண்டி நிறுத்தக் கோட்டை விட்டு நகரக் கூடாது. பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சரி. காலியான இடத்தை டூவீலர்கள் வந்து நிரப்பும்; அவை போகட்டும், அடுத்த இடைவெளிக்குக் காத்திருக்கலாம். கேட் மூடியிருக்கும்போது நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து இடப்பக்கமே நிற்க வேண்டும். பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கவோ ரயில் பார்க்கவோ இறக்கிவிடக் கூடாது.

மீறி வண்டி தண்டவாளத்தில் நின்றுவிட்டால், செல்ஃப் ஒரு முறை அடித்துப் பார்க்கலாம். கிளம்பவில்லையென்றால் இரண்டாம் முறை முயலாமல் கதவைத் திறந்து பிள்ளைகளை இறக்க வேண்டும். பைகள் வண்டியிலேயே இருக்கட்டும். ஒத்திகையில் பெரிய தாமதம் பைகளால்தான் வந்தது. சின்னப் பிள்ளைகள் இருக்கைக்கு அடியில் குனிந்து பையைத் தேடினார்கள். அவசர வழியின் கைப்பிடி சில வண்டிகளில் துருப்பிடித்து இறுகியிருந்தது, வேறு சிலவற்றில் இருக்கை உறைக்குள் மறைந்திருந்தது. அதை வாரம் ஒரு முறை திறந்து மூடி எண்ணெய் விடுவது இனி உதவியாளரின் பணிப் பட்டியலில் இருக்கும்.

இறங்கியவர்களை ரயில் வரும் திசையை நோக்கி, பாதையை விட்டு விலகிச் சாய்வாக 30 மீட்டராவது கூட்டிப் போக வேண்டும். மோதினால் வண்டியின் சிதறல் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். அதே நேரத்தில் ஒருவர் கேட் கீப்பரிடம் ஓட வேண்டும். தடம் அடைபட்டது தெரிந்தால் ஸ்டேஷனுக்குச் சொல்லவும், சிவப்புக் கொடி காட்டவும், தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடி வைக்கவும் அவரிடம் வசதி உண்டு. அவரை அடைய முடியாவிட்டால் ரயில்வே உதவி எண் 139, அவசர எண் 112. கேட்டில் எழுதியிருக்கும் எல்.சி. (லெவல் கிராசிங்) எண்ணைச் சொன்னால்தான் இடம் விளங்கும். வேகமாக வரும் ரயில் அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தேவைப்படலாம் என்பதால், முதல் நிமிடத்தில் போகும் தகவலுக்கே பயன் அதிகம். வண்டியின் கூரை மேல் யாரும் ஏறக் கூடாது. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட்.

காலைச் சோதனையில் கேட்டுக்கென்று நான்கு சேர்த்துள்ளோம்: பேட்டரி டெர்மினல் இறுக்கம், கிளட்ச் நழுவல், ஹேண்ட் பிரேக் பிடிப்பு, கதவு ஒரே இழுப்பில் திறக்கிறதா என்பது. ஒவ்வொரு வண்டிக்கும் பாதை அட்டை தயாராகிறது. வழியில் உள்ள கேட் எண், ஒற்றைப் பாதையா இரட்டையா, எந்தப் பக்கம் வளைவு, எந்தப் பக்கம் சீமைக்கருவேலம் மறைக்கிறது, மார்கழிப் பனியில் எப்படித் தெரியும் என்று அதில் எழுதுகிறோம். சில தடங்களில் மேம்பாலம் வழியாகச் சுற்றிப் போனால் கேட்டே தேவையில்லை. டீசல் கூடுதலாகும் என்று நிர்வாகங்கள் தயங்குகின்றன. இந்தச் செலவைச் சங்கம் நியாயமான செலவாகவே கருதுகிறது.

கேட்டுக்குப் பதிலாக வந்த சுரங்கப்பாதைகளில் மழைநீர் தேங்குவது தனிப் பிரச்சினை. 2022 ஜூலையில் தெலங்கானாவின் மகபூப்நகரில் பள்ளிப் பேருந்து ஒன்று இப்படிச் சிக்கி, பிள்ளைகளை மீட்க வேண்டியிருந்தது. தரை தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள். திரும்பி வந்து பள்ளிக்குப் போன் செய்யுங்கள்.

நிறைவேறாதவற்றையும் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க உதவியாளர் இல்லாமல் வேன் அனுப்பும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. உதவியாளர் இல்லையென்றால், இருக்கும் ஒருவரும் பிள்ளைகளை வண்டியில் விட்டு இறங்கித்தான் தண்டவாளத்தைப் பார்க்க முடியும். இதை ஏற்க முடியாது என்று எழுத்தில் தெரிவித்துள்ளோம். கேட்டில் நின்று பார்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை, ஆனால் தாமதத்துக்கு ஓட்டுநரைத் திட்டும் வழக்கம் தொடர்கிறது. ஒவ்வொரு டிரிப்பிலும் கேட்டுக்கென்று பத்து நிமிடம் கூட்டி நேரம் வகுக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. பார்வையை மறைக்கும் புதர்களை வெட்டவும், அழிந்த நிறுத்தக் கோடுகளை வரையவும், தண்டவாள இடைவெளியில் பெயர்ந்த சாலையைச் சீராக்கவும், இன்டர்லாக்கிங் இல்லாத கேட்களில் விரைந்து பொருத்தவும் ரயில்வேக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மனு கொடுத்திருக்கிறோம். புதர் வெட்டும் வேலை சில இடங்களில் நடந்துள்ளது. மற்றவை நிலுவையில் உள்ளன.

வரும் ஆண்டில் பாதை அட்டைகளை எல்லா வண்டிகளுக்கும் முடிப்பது, பருவத்துக்கு ஒரு முறை பிள்ளைகளோடு இறங்கும் ஒத்திகை, உதவியாளர்களுக்குத் தனிப் பயிற்சி, கேட் கீப்பர்களோடு கலந்துரையாடல் ஆகியவற்றைச் செயற்குழு முன்மொழிந்துள்ளது. பயிற்சிக்கு மைதானமும் வண்டிகளும் தந்த பள்ளிகளுக்கும், விடுமுறை நாளில் வந்து கற்றுத்தந்த மூத்த ஓட்டுநர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் விவாதத்துக்கும் ஒப்புதலுக்கும் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்