நன்றி சொல்ல விடாத வீட்டுக்கு

உப்புவெளி அம்மா, ஐயா, அக்கா, அம்மம்மா எல்லாருக்கும்,

இலங்கையில், திருகோணமலைப் பக்கத்து உங்கள் வீட்டில் தங்கி மீனவர் பாடல்களைச் சேகரித்துவிட்டு நாமக்கல் வந்து பதினொரு நாள் ஆகிறது. கிளம்புகிற அன்று வாசலில் நின்று "ரொம்ப நன்றிம்மா" என்று தொடங்கியதுமே, "சும்மா போ பிள்ளை, வீட்டுப் பிள்ளை நன்றி சொல்லுமோ" என்று என் வாயை அடைத்துவிட்டீர்கள். ஐயா அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போய்விட்டார். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். ஊரே படித்த பிறகு வேண்டாம் என்று திருப்பித் தர முடியாதல்லவா? அக்கா, அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். கேலி வருகிற இடங்களைத் தாண்டிவிட வேண்டாம்.

ஆனால் முதல் நன்றி உங்களுக்கு இல்லை, பெயர்கூடக் கேட்காமல் விட்ட ஓர் ஆட்டோ அண்ணருக்கு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு பஸ் அதைப்போல நாலைந்து மடங்கு. இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. என் இந்திய சிம் செத்துக் கிடந்தது. மாற்றிய கொஞ்சக் காசும் வழியிலேயே தீர்ந்திருந்தது. அவர் தன் போனில் உங்களை அழைத்து, வழி கேட்டு, அம்மா கதவைத் திறக்கும்வரை ஆட்டோவை அணைக்காமல் நின்றார். "காசை மாத்திட்டுப் பிறகு தாங்கோ தங்கச்சி" என்று போனவரை பஸ் நிலையத்தில் மூன்று முறை தேடினேன், கிடைக்கவில்லை. அண்ணா, இதைப் படித்தால் உப்புவெளிக்கு வாருங்கள். உங்கள் காசு சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

வெளிநாட்டில் ஒரு வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு மொழிதான் முதல் பயம் என்பார்கள். எனக்கு அது துளியும் இல்லை. முதுகலைத் தமிழ் படிக்கிறவள், தமிழ் வீட்டுக்குப் போகிறேன், கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். அந்தத் தைரியம் கால் மணி நேரம் தாங்கியது.

செருப்பைக் கழற்றியதும் அம்மா கேட்டீர்கள்: "துவாய் வேணுமோ பிள்ளை?" துவையல் என்று என் காதில் விழுந்தது. "வேண்டாம்மா, பஸ்ஸிலேயே சாப்பிட்டேன்" என்றேன். அம்மம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலை வாயிலிருந்து விழுந்தது. பிறகு அக்கா ஒரு மஞ்சள் துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். துண்டுதான் துவாய். இடியப்பமும் சொதியும் வைத்து "ஆறுதலாச் சாப்பிடு" என்றபோது, இந்த வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று, எனக்கு எதற்கு ஆறுதல் என்று பயந்துபோய்ப் பார்த்தேன். மெதுவாகச் சாப்பிடு என்பதற்கு இவ்வளவு அழகான சொல் இருக்கிறது என்று யார் கண்டது? மறுநாள் காலை ஐயா அறைக் கதவைத் தட்டி "வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டதற்கு நான் என்ன பொருள் கொண்டேன் என்பதை இங்கே எழுத முடியாது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். பாவம், கோயிலுக்குப் புறப்பட்டாயிற்றா என்றுதான் கேட்டார்.

அந்தக் கோயில் பயணத்தில்தான் ஐயா எனக்கு ஒரு கணக்கைச் சொன்னார். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். இன்றைக்குக் கோயிலுக்குப் போகவும் அந்தக் கோட்டை வாசலைத்தான் கடக்க வேண்டும். "கோயிலை இடிச்சவன் கதிரையும் அலுமாரியும் பாணும் துவாயும் தந்திட்டுப் போயிருக்கிறான்" என்றார். கதிரை என்றால் நாற்காலி, பாண் என்றால் ரொட்டி. எல்லாம் போர்த்துக்கீசிய வழி வந்த சொற்கள். நாங்கள் மட்டும் என்ன, ஜன்னலையும் சாவியையும் அவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டுதானே இருக்கிறோம். சம்பந்தர் ராமேஸ்வரத்தில் நின்றபடியே கோணமலையைப் பாடினார் என்பார்கள். நான் டிக்கெட் எடுத்து வந்தும், சன்னிதிக்குப் போகுமுன் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று என் அருச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டது. ஐயா வேறு பழம் வாங்கித் தந்தார். மானுக்கும் ஒன்று சேர்த்து.

பக்கத்து வீட்டு ராத்தா, உங்களுக்கும். நோன்பு மாதம் முழுக்க அந்தியில் வேலிக்கு மேலாக வந்த கஞ்சிச் சட்டிக்கு. இரண்டாம் நாளே நீங்கள் "வீடு எப்படி?" என்று கேட்டீர்கள். "அம்மா நேத்து ராத்திரி ரொம்ப நேரம் என்கிட்ட நல்லாப் பேசினாங்க" என்றேன் பெருமையாக. உங்கள் முகம் மாறிப்போனது. "வந்த அண்டைக்கேவா? என்ன பிள்ளை செய்தாய்?" என்றீர்கள். உங்கள் ஊரில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. நாங்கள் பேச்சு என்பது அங்கே கதை. பேசினால் அது ஏச்சு. அம்மாவின் நல்ல பெயரை ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டு, அது தெரியாமலே சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

உண்மையிலேயே பேச வேண்டிய நாளும் வந்தது. கிணற்றுத் தண்ணீர் உவர் என்று எனக்குத் தெரியாது. நாலாம் நாள், குடிக்கவும் சமைக்கவும் விடியற்காலையில் அக்கா குழாயில் பிடித்து வைத்திருந்த இரண்டு வாளித் தண்ணீரையும் எடுத்து என் பஸ் அழுக்குச் சட்டைகளை அலசிவிட்டேன். குழாய் அடுத்து வரும்வரை வீட்டில் ஒரு சொட்டு இல்லை. அம்மா வந்து வெறும் வாளியைப் பார்த்தீர்கள், கொடியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "வெள்ளையா வந்திருக்கு" என்றீர்கள். அவ்வளவுதான். ஐயா சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு போனார். அன்று நீங்கள் பேசியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும் அம்மா. பேசவே இல்லை. அதற்குத்தான் இந்த மடலில் பெரிய பங்கு.

கரைவலைக்காரர்களுக்கு என்ன சொல்வது? கரையில் நின்று வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களைச் சேகரிக்கத்தான் நான் வந்ததே. கடலைக் கண்டே வளராத எனக்கு "நாளைக்கு வாடிக்கு வா" என்றால் எங்கே போவதென்றே தெரியவில்லை. கடற்கரைக் கொட்டில்தான் வாடியாம். நோட்டும் பேனாவுமாகப் போய் நின்ற என்னிடம் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயா, "உதை வைச்சிட்டுக் கயித்தைப் பிடி. பாட்டு கையிலதான் வரும்" என்றார். 'உதை' என்றது என் நோட்டைத்தான், காலால் உதைக்கச் சொல்லவில்லை. பிடித்தேன். ஈரக் கயிறு இழுபட இழுபட, பாட்டின் எந்த அசையில் மூச்சை விடுகிறார்கள், எந்த அசையில் குதிகாலை மணலில் ஊன்றுகிறார்கள் என்று உடம்புக்கே தெரிந்தது. வகுப்பில் இரண்டு ஆண்டு படித்த சந்தம் அன்று அரை மணி நேரத்தில் பிடிபட்டது. மீன் விழுந்த வலையின் மடி கரையேறியபோது உள்ளங்கை இரண்டும் கொப்பளம். சில கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கும் வழக்கமும் வந்திருந்தது. இயந்திரத்துக்கு அம்பா வேண்டியதில்லை. அதனால் வயதான நால்வர் எனக்காகவே கடற்கரையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பாடினார்கள். நாலு பேரும் நாலு விதமாகப் பாடி, எது சரி என்று சண்டை பிடித்ததையும் பதிவில் வைத்திருக்கிறேன். அதை வெட்டப் போவதில்லை.

அன்றிரவு அம்மம்மா கொப்பளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். கையால் சாப்பிட முடியவில்லை என்று புட்டைக் குழைத்து ஊட்டியதும் அவர்தான். இருபத்துமூன்று வயதில்!

வீசா அலுவலாகக் கொழும்புக்கு இரவு ரயிலில் துணைக்கு வந்து, போகும்போதும் வரும்போதும் யன்னல் சீட்டை எனக்கே விட்ட அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

அம்மா தந்த, புட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்கள் அம்மா அதைப் பூக்கூடை என்று நினைத்து சாமி அறையில் வைத்துவிட்டார். எடுத்து வந்து ஞாயிற்றுக்கிழமை புட்டு அவித்தேன். மாவைக் கொஞ்சம் அதிகம் நனைத்துவிட்டேன் போலிருக்கிறது, களியாகிவிட்டது. அப்பா மட்டும் ஆறுதலாகச் சாப்பிட்டார், இரண்டு அர்த்தத்திலும்.

இன்னொன்று. அந்த மஞ்சள் துவாயைக் கொடியில் தேட வேண்டாம். நான்தான் எடுத்து வந்துவிட்டேன்.

உங்கள்
நாமக்கல் பிள்ளை