சூடேறிய பிறகு விலை பேசு

காசிமேடு,
மே 18

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களையும் விற்பனை விளம்பரத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். இங்கே இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். துறைமுகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எஞ்சின் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். பட்டறைப் பையன்களிடமும் உன் புல்வெட்டும் வண்டியைக் காட்டினேன். ஸ்டீயரிங் எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி ஹைட்ராலிக் பம்ப், தனி மோட்டார். ஒரு கைப்பிடியை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும் என்று விளக்கினேன். முன்சக்கரங்கள் சும்மா உருண்டு கூட வருபவை. வண்டியைத் திருப்புவதில் அவற்றுக்கு வேலையே இல்லை. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள். பின்னால் இதைப் பற்றித்தான் உன்னிடம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன்.

டீசல் என்று நீங்கள் முடிவு செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து ஏக்கர் புல், டெக்சாஸ் வெயில், அடர்ந்து வளர்ந்த இடத்தில் பெட்ரோல் எஞ்சின் திணறும். டீசல் இழுத்துக்கொண்டு போகும், எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். ஆனால் மாப்பிள்ளை சொன்ன மற்ற யோசனை, அதாவது மலிவான பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்கி அதில் டீசல் எஞ்சினை ஏற்றுவது, வேண்டாம். அந்தப் பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினின் சுழலும் தண்டு, அதாவது ஷாஃப்ட், செங்குத்தாகக் கீழ்நோக்கி இருக்கும். சிறிய டீசல் எஞ்சின்களில் அது கிடைமட்டம். நடுவில் திசை மாற்ற ஒரு கியர் பெட்டி, புது மவுண்ட், ரேடியேட்டருக்கு இடம் என்று வேலை வளர்ந்துகொண்டே போகும். அம்பாசிடர் கார்களில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றிய காலம் உனக்கு நினைவிருக்காது. எஞ்சின் நன்றாகவே ஓடும். ஆனால் அதன் எடைக்கும் அதிர்வுக்கும் மற்ற பாகங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உன் வண்டியில் எஞ்சின் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எடை கூடினால் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பிறக்கும்போதே டீசலாகப் பிறந்த வண்டியை வாங்கு.

விளம்பரத்தில் இருக்கும் குபோட்டா கம்பெனியின் இசட்டி326 (ZD326) அப்படிப்பட்டதுதான். மூன்று சிலிண்டர், 1,123 சிசி, தண்ணீரில் குளிரும் எஞ்சின், 26 குதிரைத்திறன். பிளேடுகளை மூடியிருக்கும் வெட்டும் டெக்குக்குச் சக்தி ஷாஃப்ட் வழியாகப் போகிறது. எஞ்சினிலிருந்து நீளமான பெல்ட் இழுத்து வராதது நல்ல அமைப்பு. எலெக்ட்ரானிக்ஸ் அதிகம் இல்லாத பழைய எஞ்சின் என்பதும் எனக்கு நிம்மதி. அமெரிக்காவில் 2013 முதல் 19 கிலோவாட்டுக்கு மேற்பட்ட, அதாவது சுமார் 25 குதிரைத்திறனைத் தாண்டிய சிறிய டீசல் எஞ்சின்களுக்குப் புகை விதி இறுகிவிட்டது. 24.8 குதிரைத்திறன் என்று அச்சடித்த எஞ்சின்கள் அங்கே நிறையத் தென்படுவதற்கு அதுதான் காரணம். அதற்கு மேலே போகும் புது வண்டிகளில் பெரும்பாலும் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த வண்டியே வேண்டாம். அது சட்டத்துக்கு விரோதம்.

எஞ்சின் ஓடிய நேரம் என்று மீட்டர் 1,180 மணி காட்டுகிறதே, அதிகமா என்று கேட்டிருந்தாய். பராமரித்த டீசலுக்கு அது ஒரு வயதே அல்ல. பராமரிக்காத டீசலுக்கு அதில் பாதியே அதிகம். ஆகவே மீட்டரை விட்டுவிடு.

வண்டியைப் பார்க்கப் போகும் முன், அன்று நீ வரும்வரை எஞ்சினை ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடு. போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பாக இருந்தால் குளிர்ந்த நிலையில் கிளம்பச் சிரமப்படுகிற வண்டியாக இருக்கலாம். அப்படியானால் இன்னொரு நாள் போ. குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. பிறகு, சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் குளோ பிளக்கின் விளக்கு அணையும்வரை பொறுத்து ஸ்டார்ட் செய். கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் கவலை இல்லை. அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) குறைவு அல்லது டீசலைப் பீய்ச்சும் நாசிலில் கோளாறு. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலைத் தின்கிறது. பளு ஏறும்போது கரும்புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டரைப் பார். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திற. விட்டு விட்டுப் புகை குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

இதெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்வான். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. அந்த வண்டியை அரை மணி நேரத்துக்குக் குறையாமல், புல் வெட்டியபடியே, ஓட்டு. ஹைட்ராலிக் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை தேய்ந்த பம்பும் நல்ல பம்பாகவே நடிக்கும். சூடேறி ஆயில் இளகியதும் உள்ளே கசிய ஆரம்பிக்கும், பலம் இறங்கும். அப்போது சமதரையில் இரண்டு கைப்பிடியையும் ஒன்றாக முன்னே தள்ளு. தொடக்கம் முதலே ஒரு பக்கம் லேசாக ஒதுங்கினால் திருகு வைத்துச் சரிசெய்துவிடலாம். சூடேற ஏற ஒதுங்குவது கூடிக்கொண்டே போனால் அந்தப் பக்கத்துப் பம்போ மோட்டாரோ முடிந்துவிட்டது. சிறிய மேட்டில் பின்னோக்கியும் ஏற்றிப் பார். இந்தப் பம்புகளை மாற்றும் செலவு கையைக் கடிக்கும். விற்பவருக்கு இது தெரிந்திருக்கும். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டுப் பேரத்தை முடிக்கப் பார்ப்பவரிடம் வாங்காதே. சூடேறிய பிறகுதான் விலை பேச வேண்டும்.

டெக்கின் அடிப்பக்கத்தையும் பார்க்காமல் விடாதே. எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தடித்த கையுறையோடு பிளேடுகளை மேலும் கீழும் ஆட்டு. ஆட்டம் தெரிந்தால், பிளேடு சுற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பேரிங் போய்விட்டது. ஸ்பிண்டில் உட்காரும் இடத்தைச் சுற்றி வெல்டிங் பூசியிருக்கிறதா, அடியில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்.

இனி நீங்கள் செய்ய நினைக்கும் மாற்றங்கள். எல்இடி விளக்கு போடுங்கள், ஃபியூஸ் வைத்துப் போடுங்கள். ஸ்பிரிங் வைத்த சீட் கண்டிப்பாகப் போடு. உன் இடுப்புவலி எனக்குத் தெரியும். முன்சக்கரங்களுக்குக் காற்றில்லா டயர் நல்லது. பின்னால் சிறு டிரெய்லர் கொக்கி, சரி.

எல்லாவற்றுக்கும் முன்னால் பணத்தைக் குளிர்ச்சியில் போடு. இங்கே படகு எஞ்சினுக்கு எதிரி உப்பு. அங்கே உன் எஞ்சினுக்கு எதிரி புல் தூசி. ரேடியேட்டரின் மேல் போர்த்தியதுபோல் படிந்துவிடும். எளிதாகக் கழற்றித் தட்டக்கூடிய கம்பிவலை ஒன்றை அதன் முன்னால் பொருத்தச் சொல். ஏர் ஃபில்டருக்கு முன்னால் தூசி பிரிக்கும் கிண்ணம் வை. சூடு எல்லை தாண்டினால் அலறும் ஒரு பஸ்ஸரும் வை. டீசல் வடிகட்டியில் தங்கும் தண்ணீரை அடிக்கடி இறக்கு. இங்கே மீனவர்களுக்கு வரிவிலக்கு டீசல் இருப்பதுபோல, அங்கே சாலையில் ஓடாத வண்டிகளுக்குச் சிவப்புச் சாயம் கலந்த வரியில்லா டீசல் உண்டு. அதையே வாங்கு, ஆனால் அதற்குத் தனி கேன் வைத்துக்கொள். ஒரு சொட்டுகூட உங்கள் பிக்கப்பில் போகக் கூடாது.

எஞ்சின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரின் திருகைத் தொடாதே. புல்லி மாற்றிப் பிளேடைக் கூடுதல் வேகத்தில் சுற்றவிடும் யோசனையை மாப்பிள்ளை இன்றே மறந்துவிடட்டும். பிளேடின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அங்கே தரநிர்ணயமே இருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு கல் பட்டுத் தெறித்தால் என்ன ஆகும் என்று யோசி. என் பேரன் அந்த முற்றத்தில்தான் விளையாடுகிறான்.

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சினை அணைத்துப் பிளேடை நிறுத்துவது அதன் வேலை. வண்டி மேடுபள்ளத்தில் குதித்தால் எஞ்சின் அணைகிறது என்று அதை ஒயர் வைத்து இணைத்துவிடுபவர்கள் உண்டு. நீ விடாதே. சுவிட்ச் பழுது என்றால் புதிது வாங்கிப் போடு.

கவிழ்ந்தால் ஆளைக் காக்கச் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவை, ஓக் மரக் கிளையில் இடிக்கிறது என்பதற்காகக் கழற்றலாமா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அம்மா. கிளையை வெட்டு. உன் நிலத்தின் கிழக்கில் குளம் இருக்கிறது, கரை சரிவு. ஈரப்புல்லில் பின்சக்கரம் வழுக்கினால் ஓட்டமும் திருப்பமும் பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும், ஏனென்றால் மூன்றும் அந்த இரண்டு சக்கரங்களில்தான் இருக்கின்றன. முன்சக்கரங்கள் பள்ளத்தைப் பார்த்து உருளும், அவ்வளவுதான். பெரும்பாலான கையேடுகள் 15 பாகைக்கு மேல் சரிவில் ஏறாதே என்கின்றன. நீ அதையும் பார்க்காதே. வண்டியின் அகலம்போல இரண்டு மடங்கு தூரத்துக்குக் கரையோரம் கொடி நட்டு, அதற்குள் வண்டியைக் கொண்டு போகாதே. அந்தப் புல்லைக் கைமெஷினால் வெட்டிக்கொள்ளுங்கள், வெட்டாமலும் விடுங்கள். இரும்பு வளைவு எப்போதும் நிமிர்ந்தே இருக்கட்டும், பெல்ட் எப்போதும் இடுப்பில் இருக்கட்டும். வளைவை மடக்கிய நிலையில் மட்டும் பெல்ட் போடக் கூடாது. வண்டி உருண்டால் ஆளையும் அதோடு கட்டிப்போட்டுவிடும்.

வண்டி பார்க்கப் போவது மாலை என்றால் என்னைக் கூப்பிடு. உனக்கு இரவு எட்டு, எனக்குக் காலை ஆறரை. நான் அதற்கு முன்பே எழுந்துவிடுகிறேன். கைப்பேசியை எஞ்சின் பக்கம் வைத்து முதல் ஸ்டார்ட்டின் சத்தத்தைக் கேட்கவிடு. அரை மணி கழித்து, சூடேறிய பிறகு மறுபடி கேட்கவிடு. பணத்தை அதற்குப் பிறகு கொடு.

அன்புடன்,
அப்பா