கப்பன் பார்க் மரப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் கணக்கும் விளக்கமும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூர் கப்பன் பார்க்கில், பேண்ட் ஸ்டாண்ட் பக்கத்துத் திடலில் நோய்பட்ட குல்மொகர்களை வெட்டிய இடத்தில், அடிக்கட்டைகளை எடுத்துப் புதுக் கன்று நட நாம் எடுத்துக்கொண்ட வேலை முடிந்தது. மண்ணைக் கொத்தி, எரு போட்டு, நாவலும் மகிழமும் புங்கமும் நட்டு, மூடாக்கும் போட்டாயிற்று. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், நல்ல மரத்தை ஏன் வெட்ட விட்டீர்கள், செலவு ஏன் ஏறியது என்ற இரண்டுதான்.

முதலில் மரம். 1870-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி அமைத்த பூங்கா இது, இங்கே ஒரு கிளை போனாலும் நமக்கு வலிக்கும். அந்தக் குல்மொகர்களில் இலை இருந்தது, பூவும் பூத்தது, உண்மைதான். ஆனால் தூரில் தட்டுத் தட்டாகப் பழுப்புக் காளான் விட்டிருந்ததைக் காலை நடைக்கு வரும் எல்லோரும் பார்த்தோம். அது வேரழுகல் நோயின் அடையாளம். வெட்டியபின் குறுக்குவெட்டில் ஓரத்தில் நாலு விரல் கனத்துக்குத்தான் நல்ல கட்டை, உள்ளே தொட்டால் பஞ்சு மாதிரிப் பிய்ந்து வந்தது. நல்ல கட்டையின் கனம் மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் மரம் ஆபத்து என்பது மரம் பார்ப்பவர்கள் பொதுவாக வைக்கும் அளவு. அடியில் குழந்தைகள் விளையாடுகிற இடம், ஏப்ரல் மே மாதக் கோடைமழைக் காற்று இந்த ஊரில் எப்படி அடிக்கும் என்பது நமக்குத் தெரியும். வெட்டியது தோட்டக்கலைத் துறை, கட்டையும் அவர்களுடையது. மரம் விற்ற பணம் எங்கே என்று கேட்டவர்களுக்கு: நம் கைக்கு ஒரு பைசா வரவில்லை, வரவும் கூடாது.

அடுத்தது அடிக்கட்டை. இதில்தான் ஒப்பந்தக்காரரோடு தகராறு. நோய்பட்ட வேரை மண்ணிலேயே விட்டால் வேரோடு வேர் தொட்டுப் பக்கத்து மரத்துக்கும் பரவும், அதனால் தோண்டியே ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கையால் தோண்டுவது என்று பேசி 1,85,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவர், இரண்டு கட்டை எடுத்தபின் ஒரு காலையில் ஜேசிபியோடு வந்து நின்றார். ஏழெட்டு டன் வண்டி அது. பக்கத்திலேயே பெரிய தூங்குமூஞ்சி மரம், அது தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கும். வண்டி ஏறினால் மண் இறுகி, அந்த மரமும் சில வருஷத்தில் காயத் தொடங்கும். வேண்டாம் என்றோம். "சார், நான் கட்டை எடுக்கிற ஆளு, வேரை எண்ணுற ஆளு இல்ல" என்றார். அப்புறம் வரவே இல்லை. வாங்கிய முன்பணம் 40,000-ஐ எடுத்த இரண்டு கட்டைக்கும் கொத்திய மண்ணுக்கும் கூலியாகக் கணக்கு தீர்த்தோம். வழக்குப் போட்டிருக்கலாமே என்கிறார்கள். போட்டிருந்தால் தென்மேற்குப் பருவமழை போயிருக்கும், கன்று நடும் பருவம் ஒரு வருஷம் தள்ளியிருக்கும். குழு கூடிப் பேசித்தான் இதை முடிவு செய்தது, அந்த முடிவு சரி என்றே இப்போதும் சொல்கிறோம்.

மீதிக் கட்டைகளைத் தருமபுரிப் பக்கத்துத் தோழர்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தோண்டினார்கள். ஒவ்வொரு பக்கவேரையும் மண்ணை விலக்கிப் பார்த்து, தூங்குமூஞ்சியின் வேர் என்றால் தொடாமல், நோய்பட்டது என்றால் அரிந்து எடுத்த அந்தப் பொறுமைக்கு நாம் கொடுத்த கூலி குறைவு. கன்றுகளைப் பழைய குழியில் வைக்காமல் சில அடி தள்ளி வைத்ததும் அதே நோய்க்குப் பயந்துதான்.

மொத்தச் செலவு 2,47,000. முதலில் பேசிய 1,85,000-க்கு மேல் ஆன கூடுதல் 62,000-இல் 48,000 கூலி, 14,000 எரு. அந்தக் கூடுதலைத் தந்தவர்கள்: அல்சூர் பாத்திரக்கடை அண்ணாச்சி, சிவாஜி நகர்ப் பூக்கார அக்கா, ராணுவத்தில் ஓய்வுபெற்ற ஐயா, காக்ஸ் டவுன் டீச்சரம்மா, அவருடைய மருமகன், காலை நடைக்கு வரும் மருத்துவர் தம்பதி, பெயர் வேண்டாம் என்ற இரண்டு பெரியவர்கள். எல்லோருக்கும் ரசீது போட்டிருக்கிறது.

கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடையிலும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், பெயர் கொடுங்கள். பில், ரசீது, வங்கிப் புத்தகம் எல்லாம் ஞாயிறு காலை சேஷாத்ரி ஐயர் நூலகக் கட்டடத்தின் முன் இருக்கும். கேள்வி உள்ளவர்கள் அங்கே வந்து கேளுங்கள், கன்றுகளையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

குழுவின் சார்பாக,
செயலாளர்