17 வயதுக்கும் 21 வயதுக்கும் நடுவே நம் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த மாணவர்களின் மேற்கல்வி குறித்துத் தங்கள் நாளேட்டில் வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். மருத்துவம், பொறியியல், கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் என அவை விரிவாகவே பேசுகின்றன. ஆயினும், ரந்தாவ் போன்ற தோட்டப்புறச் சிற்றூரில் வீட்டு வாசலைத் தாண்டியதும் கண்ணில் படும் கனரக வாகனத் தொழிலைப் பற்றி அவற்றில் ஒரு வரியையும் நான் கண்டதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரியும், எண்ணெய் டேங்கரும், கொள்கலன் இழுக்கும் டிரெய்லரும் ஓடாத நாள் இவ்வட்டாரத்தில் கிடையாது. நெடுங்காலம் இவ்வாகனங்களின் அடியில் படுத்து வேலை பார்த்தவன் என்னும் உரிமையில் இதை எழுதுகிறேன்.

நம் மலேசியாவில் கார் உரிமத்தை 17 வயதிலேயே எடுத்துவிடலாம். கனரக வாகனங்களுக்கான ‘இ’ பிரிவு உரிமத்திற்கோ 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதன்மேல், சரக்கு ஏற்றி ஓட்டுவதற்கு ஜிடிஎல் எனப்படும் தொழில் உரிமமும் அதற்கான மருத்துவப் பரிசோதனையும் தேவை. ஆக, ஐந்தாம் படிவம் முடித்து வெளியே வரும் பையனுக்கு லோரி ஓட்டும் ஆசை இருந்தாலும், அவன் ஸ்டியரிங்கைத் தொட ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் நாம் அவனை இழக்கிறோம். ஒருவன் மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இன்னொருவன் பேரங்காடியில் சாமான் அடுக்குகிறான். மாமாவோ சித்தப்பாவோ லோரி ஓட்டுபவராக இருந்தால், வேறொருவன் கெலிண்டானாக, அதாவது லோரி உதவியாளாக, ஏறிக்கொள்கிறான். தார்ப்பாய் இழுத்துக் கட்டவும், லோரி பின்னால் வரும்போது கை காட்டவும் அவன் பழகிக்கொள்வான் என்பது உண்மை. ஆனால் 21 வயதில் அவன் கையில் அந்த நான்கு ஆண்டுகளுக்குச் சாட்சியாக ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

இதே காலத்தைப் பட்டறையில் கழித்தால் என்னவாகும் என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். கனரக வாகனத்தின் பிரேக் காற்றினால் இயங்குவது. காலையில் வேலைக்கு வரும் பயிற்சியாளனுக்கு நாங்கள் முதலில் காட்டுவது, சேஸியின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் தொட்டிகளைத்தான். தொட்டியின் அடியில் உள்ள வளையத்தை இழுத்தால், உள்ளே தேங்கிய நீர் ‘புஸ்’ என்ற ஒலியுடன் வெளியேறும். கொஞ்சம் தண்ணீர் மட்டும் வந்தால் கவலையில்லை. தண்ணீர் நிறைய வந்தால் காற்றை உலர்த்தும் டிரையர் தன் வேலையைச் செய்யவில்லை. கறுத்த எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசரின் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். தொட்டியில் காற்று அறவே தீர்ந்துபோனால் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், காற்று பிரேக்கை நம்பலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பிரேக்கின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் சரியாக முடுக்கப்படாவிட்டால், தொட்டி நிறையக் காற்று இருந்தும் பிரேக் லைனிங், சக்கரத்தோடு சுழலும் டிரம்மை அழுந்தப் பிடிக்காது. சமதரையில் இக்குறை தெரியாது, பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும்போதுதான் தெரியும். இதை ஒருமுறை தன் கையால் முடுக்கிப் பார்த்தவன் பின்னாளில் ஓட்டுநராக அமரும்போது, பழுதுள்ள வண்டியை எடுக்கமாட்டேன் என்று முதலாளியிடம் காரணத்தோடு சொல்வான்.

2025 மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில் லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் உயிரிழந்ததையும், அடுத்த மாதமே கெரிக் அருகே நேர்ந்த பேருந்து விபத்தில் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றின் பிறகு, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதல் கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் இயற்றியாயிற்று, அக்கருவியைப் பொருத்தவும், அளவு சரிபார்க்கவும், புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனப் பரிசோதனைக்கு வண்டியை ஒழுங்காகத் தயார் செய்யவும் தேர்ந்த கைகள் வேண்டாமா? இன்றைய எஞ்சினில் பாதி வேலை மடிக்கணினியை இணைத்துப் பழுதுக் குறியீட்டைப் படிப்பதில் இருக்கிறது. ஆகவே பெண் பிள்ளைகளுக்கு இது ஒவ்வாத தொழில் என்னும் பேச்சுக்கும் இனி இடமில்லை.

வேலை எங்கே என்று கேட்பவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரந்தாவிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் உள்ள செண்டாயானில் ஹினோ லோரிகள் தயாராகின்றன. இசுசு பெக்கானிலும் வோல்வோ ஷா ஆலாமிலும் பொருத்தப்படுகின்றன. இவற்றைச் சார்ந்து உதிரிபாகக் கடைகள், டிரெய்லர் கட்டும் பட்டறைகள், டிப்பர் ஹைட்ராலிக் வேலை, டயர் கடைகள், லோரிகளின் போக்குவரத்தைத் திரையில் கண்காணிக்கும் அலுவலகங்கள் எனப் பல உள்ளன.

வழியும் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளிலும், அதற்கு மேல் டிப்ளோமா இரு நிலைகளிலும் வழங்கப்படுகின்றன. ஐஎல்பி எனப்படும் தொழிற்பயிற்சிக் கழகங்களில் சேரலாம்; திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பிடிபிகேயின் கடனுதவியும் உண்டு. எனக்குப் பிடித்த ஏற்பாடு எஸ்எல்டிஎன் என்னும் இரட்டைப் பயிற்சி முறை. அதில் பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலேயே நடக்கிறது, மீதி வகுப்பறையில். மூன்றாம் நிலை எஸ்கேஎம் வரை படித்து, ஓரிரு ஆண்டு வேலையும் பார்த்தால், பையனுக்கு வயது 21 ஆகியிருக்கும். அதன் பிறகு ஓட்டுநராவதா, பட்டறையிலேயே உயர்வதா என்பதை அவனே முடிவு செய்யட்டும். பட்டறை தேடும்போது ஓர் எச்சரிக்கை: கார் எஞ்சினை மட்டுமே வைத்துக் கற்பிக்கும் இடங்கள் பல உண்டு, கனரக வாகனம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது.

“லோரிக்காரனுக்கா பெண் கொடுப்பது?” என்று இன்றும் கேட்கும் பெற்றோரை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் ஓட்டத்துக்கு இவ்வளவு என்று தரும் டிரிப் காசு அதிகமாகவும் அமைந்த வேலையில், ஓட்டுநர் தூக்கத்தை விற்றுத்தான் பணம் பார்க்கிறார்; முதுமையில் இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதியைத் திறந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. வேலைக்குச் சேரும்போதே அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, இபிஎஃப், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா ஆகியவை எதன்மீது கட்டப்படுகின்றன என்று கேட்டு எழுத்தில் வாங்கும் பழக்கம் நம் இளைஞர்களுக்கு வர வேண்டும். சான்றிதழ் உள்ளவனால்தான் அப்படிக் கேட்டுவிட்டு, சரிப்படாவிட்டால் அடுத்த பட்டறைக்கு நடக்க முடியும். பல்லாண்டு அனுபவமிருந்தும் சான்றிதழ் இல்லாத மூத்த மெக்கானிக்குகளும், பிபிடி என்னும் முன்னனுபவ அங்கீகார முறையில் வகுப்புக்குப் போகாமலே எஸ்கேஎம் பெறலாம் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

நம் வட்டார இடைநிலைப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிக்குப் பல்கலைக்கழகங்களை அழைப்பதோடு, லோரி நிறுவனங்களின் பட்டறை மேலாளர்களையும் அழைக்க வேண்டும். ஆலய மண்டபங்களை இதற்கு ஒரு நாள் திறந்துவிட நிர்வாகத்தினர் முன்வரலாம். தாங்களும், எஸ்பிஎம் முடிவுகள் வெளியாகும் வாரத்தில், தொழிற்பயிற்சிக் கழகங்களின் விண்ணப்ப இறுதி நாள்களைக் கல்விப் பக்கத்தில் தமிழில் வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கனரக வாகன மெக்கானிக் ஒருவர்,
ரந்தாவ், நெகிரி செம்பிலான்.